இடுப்பளவுத் தண்ணீர்

ராக்கப்பனின் தென்னந்தோப்பு முடிந்து மலை தொடங்குகிற இடத்தில் வளவியூத்து இருக்கிறது. சுந்தரபாண்டியத்திலிருந்து மண்பாதையில் வந்து, அவருடைய தோப்பைத் தாண்டித்தான் அதற்குப் போக முடியும். எந்தக் கோடையிலும் வற்றாத ஊற்று. மேலே நின்று பார்த்தால் சின்னக் குளம்போல் தெரியும். உள்ளே தென்னை உயரத்துக்கு ஆழம். ஒரு பக்கம் எந்தக் காலத்திலோ யாரோ வெட்டிய கல்படிகள். எதிர்ப்பக்கம் தண்ணீருக்கு மேல் தாழ்வாரம்போல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை. அந்தப் பாறைக்கு அடியில் இருக்கிற மடைவாய் வழியாகத்தான் தண்ணீர் வெளியேறி ஓடையில் சேரும். வளவி என்றால் வளையல்; ஊற்றுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று ராக்கப்பன் தன் அறுபது வயதுவரைக்கும் யோசித்ததில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து ஜெயசித்ரா என்கிற பேராசிரியை தன் ஆட்களோடு தை மாதம் வந்து இறங்கினார். முந்தின கோடையில் தண்ணீர் மிகவும் கீழே போனபோது, ஆடு குளிப்பாட்ட இறங்கியவர்கள் கையில் ஒரு மண்பொம்மையும் சங்கு வளையல் துண்டுகளும் அகப்பட்டிருந்தன. தண்ணீரை இறைத்துவிட்டுத் தோண்டினால் ஆகாதா என்று ஊரில் கேட்டார்கள். ஊற்றை இறைத்து மாளாது, இறைத்தாலும் சேற்றில் கிடக்கிற சாமான்கள் இடம் மாறிவிடும், எது எதற்கு மேல் கிடந்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். ஆகவே அவருடைய ஆட்கள் முதுகில் காற்றடைத்த சிலிண்டர் மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். அடியில் கயிற்றால் கட்டம் கட்டி, ஒவ்வொரு கட்டமாகக் குழாய் வைத்து மண்ணை உறிஞ்சி, கரையில் சல்லடையில் கொட்டினார்கள். சல்லடையில் அலச ஊர்ப் பெண்களை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

அதற்கெல்லாம் மின்சாரம் ராக்கப்பனின் மோட்டார் ரூமிலிருந்து எடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்தவர் அப்புறம் நாள் முழுவதும் அங்கேயே இருக்கத் தொடங்கினார். பேராசிரியையின் ஆட்களுக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியாது. அது அவருக்குப் பிடித்திருந்தது. ஊரில் யாரோடு பேசினாலும் அவர்கள் கண்ணில் ஒரு கதை ஓடுவது அவருக்குத் தெரியும். இவர்கள் கண்ணில் அது ஓடவில்லை.

சேற்றுக்குள்ளிருந்து வந்ததெல்லாம் பெண்களுடைய சாமான்களாக இருந்தன. கண்ணாடி வளையல், சங்கு வளையல், பாசிமணி, கட்டைவிரல் அளவில் வயிற்றில் கை வைத்து நிற்கிற மண்பொம்மைகள், குழந்தைக் காலுக்கு மட்டுமே நுழையக்கூடிய வெண்கலத் தண்டை. அவற்றில் சில, ஆயிரம் வருஷத்துக்கும் மேலே பழையவை என்றார் ஜெயசித்ரா. நல்ல தண்ணீருக்கு அடியில் சேறு மூடிக் கிடந்ததால் நேற்றுப் போட்டதுபோல் இருந்தன.

"இம்புட்டையும் எதுக்கு மேடம் தண்ணிக்குள்ள போட்டாளுக?" என்று ஒருநாள் ராக்கப்பன் கேட்டார்.

"அதுதான் அய்யா தெரியல. தவறி விழுந்தது இல்ல. எல்லாம் படிக்கட்டு ஓரமாவே இருக்கு. வேணும்னுதான் விட்டிருக்காங்க."

ராக்கப்பனின் மனைவி குருவம்மாள் அவரை விட்டுப் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. மகள் மாரிசெல்விக்கு அப்போது ஐந்து வயது. கார்த்திகை அடைமழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, ஜன்னி கண்டு, ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒருநாள் காலையில் குருவம்மாள் பக்கத்துக் கட்டில்காரியிடம், "செத்த நேரம் பிள்ளையப் பாத்துக்கோங்க, வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானம் ராக்கப்பன் போனபோது பிள்ளை தனியாகக் கிடந்தது. கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி ஏற்றியிருந்தார்கள். அதற்காகக் கழற்றிய கொலுசுகளையும் காணவில்லை.

அவள் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதே வாரம் ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில்லில் பிட்டராக இருந்த ஞானதுரை என்பவன் வேலையை விட்டுக் கோயம்புத்தூர் போயிருந்தான். குருவம்மாள் கல்யாணத்துக்கு முன்பு அந்த மில்லில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவள். டீக்கடையில் இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட யாருக்கும் நேரம் ஆகவில்லை. ராக்கப்பன் போலீசுக்குப் போகவில்லை. பெண்டாட்டி ஓடிப்போனாள் என்று எழுதிக் கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக மாமன் மச்சான்களைக் கூட்டிக்கொண்டு ஞானதுரையின் வீட்டுக்குப் போய், அவனுடைய தாய் ஜெயபாய் பார்த்துக்கொண்டு நிற்க, ஓட்டையும் ஜன்னலையும் உடைத்தார். குருவம்மாளின் அண்ணன் தங்கைக்குத் தலைமுழுகினார். கல்யாணப் போட்டோ, வோட்டர் கார்டு, சேலைகள் எல்லாவற்றையும் ராக்கப்பன் தோப்பில் போட்டு எரித்தார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. அவர் வேறு கல்யாணம் செய்யவில்லை. தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டார், பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டினார். வளர்ந்த பிள்ளை கொலுசு கேட்டு அழும்போதெல்லாம், "உங்காத்தாட்டப் போய்க் கேளு. சாகக் கெடக்க பிள்ள காலுல கெடந்ததக் கழட்டிட்டுப் போனவ அவதான" என்பார். கொஞ்ச காலத்தில் பிள்ளை கேட்பதை நிறுத்திவிட்டது.

மாசியில் ஒரு மத்தியானம் கௌதம்ராஜ் மேலே வந்தான். ராஜபாளையத்துக்காரன், பாண்டிச்சேரியில் முக்குளிப்பு படித்துவிட்டு வந்து, இந்த வேலையில் முதல் ஆளாக இறங்குகிறவன். வலைப்பையை ஜெயசித்ராவிடம் கொடுத்தான். அவர் தட்டில் வைத்து ஒவ்வொன்றாகக் கழுவினார். இரண்டு மண்பொம்மைகள். உடையாத ஒரு சங்கு வளையல். அப்புறம் கறுத்துப்போன ஒரு சோடிக் கொலுசு.

"இது பழசு இல்ல அய்யா. முப்பது வருஷத்துக்குள்ளதான் இருக்கும். எல்லாத்துக்கும் மேலாப்புல, மணல்ல ரெண்டும் ஒண்ணாக் கெடந்துச்சாம்."

ராக்கப்பன் குனிந்து பார்த்தார். ஒரு கொலுசில் கொக்கிக்குப் பக்கத்து வளையம் விட்டுப்போய், அதைச் செம்புக்கம்பியால் முறுக்கியிருந்தது. மோட்டாருக்குச் சுற்றுகிற கம்பி. பிள்ளையின் காலைத் தொடையில் வைத்துக்கொண்டு அவர்தான் முறுக்கினார். கூசுது என்று அவள் சிரித்துச் சிரித்துக் காலை இழுத்துக்கொண்டாள்.

"மோட்டார் சூடாயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

மோட்டார் ரூமில் உட்கார்ந்தபோது அவருக்கு வந்தது கோபம்தான். விற்றுத் தின்றிருப்பாள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். விற்கவும் இல்லை. போகிற போக்கில் ஊர் எல்லைக்கு வந்து, பிள்ளையையே வேண்டாம் என்று வீசுவதுபோல் இந்தத் தண்ணீரில் வீசிவிட்டுப் போயிருக்கிறாள். ஆறிப்போனது என்று நினைத்திருந்த புண் மறுபடி வாய் திறந்ததுபோல் இருந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் ஜெயசித்ரா அந்தக் கொலுசைச் சல்லடைப் பெண்களிடம் காட்டிக் கேட்டார்: "இது உங்க காலத்துதானே? இப்பவும் யாராச்சும் இதுல ஏதாவது போடுறாங்களா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராக்கப்பன் பக்கத்தில் நின்றதால் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் சுடலைமாடத்திதான் சொன்னாள். குருவம்மாள் வயதுக்காரி, அவளுக்குச் சேக்காளியாக இருந்தவள்.

"ஆம்பளையாளுக இருக்கயில சொல்லக்கூடாது மேடம். ஆனா நீங்கதான் எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டியளே, இனிமே என்ன. பிள்ளைகளுக்கு ரொம்ப முடியாமப் போச்சுன்னா, அது உடம்புல கெடக்குற நக ஒண்ண, வளவியோ கொலுசோ, கொண்டாந்து இதுல விடணும். பிள்ளைக்குப் பதிலா அத எடுத்துக்கோ, பிள்ளைய விட்டுருன்னு."

"மேல நின்னு போடுவீங்களா?"

"எறியக்கூடாது. எறிஞ்சா வாங்காது. இடுப்பளவு தண்ணியில எறங்கி, கைய முக்கித்தான் விடணும். தாய்தான் விடணும், தனியாத்தான் வரணும். புருசங்கிட்டச் சொன்னாப் பலிக்காது."

ஜெயசித்ரா கேட்டுக்கொண்டே வேகமாக எழுதினார். ராக்கப்பன் சல்லடைத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மழ பெய்யயிலயும் எறங்குவியளா?" என்று கேட்டார்.

சுடலைமாடத்தி அவரைப் பார்த்தாள். அவள் முகமும் மாறியது. "பிள்ளைக்கு முடியாமக் கெடக்கயில மழையப் பாப்பாகளாண்ணே" என்றாள் மெதுவாக.

வேலை முடிந்து பெண்கள் போகும்வரை அவர் படிக்கட்டு உச்சியில் உட்கார்ந்திருந்தார். மழைக்காலத்தில் ஊற்று எப்படிப் பொங்கும் என்பது அவருக்குத் தெரியும். படிகளில் பாசி ஏறிவிடும். மடைவாய் பக்கம் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இழுக்கும். ஒரு முறை விழுந்த தென்னங்குலையை அது வாங்கிக்கொண்டதை அவரே பார்த்திருக்கிறார். எல்லாம் தெரியும். இதற்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். இத்தனை வருஷமும் இந்தத் தண்ணீரைத்தான் தென்னைக்குப் பாய்ச்சினார், இதில்தான் குளித்தார்.

ஜெயசித்ரா கூடாரத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். ராக்கப்பன் போய் நின்றார்.

"மேடம், அந்தப் பாறைக்கு அடியில பாத்திருக்கியளா?"

"இல்ல அய்யா. அங்க கட்டம் கட்டல. உள்ள இடுக்கா இருக்கு, ஆபத்துன்னு கௌதம் சொன்னான். ஏன் கேக்குறீங்க?"

மனைவியின் பெயரைச் சொல்லி வெகு காலமாகிவிட்டது. நாக்கு அதை மறந்துவிட்டதுபோல் இருந்தது.

"எம் பொஞ்சாதி பேரு குருவம்மா" என்று தொடங்கினார்.

அவர் சொல்லி முடித்ததும் ஜெயசித்ரா, "காலையில பாக்கச் சொல்றேன் அய்யா. நீங்க வர வேண்டாம்" என்றார். "வாரேன்" என்றார் ராக்கப்பன்.

காலையில் கௌதம்ராஜ் இடுப்பில் இரண்டு கயிறு கட்டிக்கொண்டு இறங்கினான். கயிற்றின் மறுமுனையை இரண்டு பேர் கரையில் பிடித்திருந்தார்கள். மண் உறிஞ்சும் இயந்திரத்தை அன்று ஓட்டவில்லை. அதனால் ஊற்றின் சத்தம் கேட்டது. ராக்கப்பன் தண்ணீரில் வருகிற குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமிழிகள் படிக்கட்டுப் பக்கத்திலிருந்து மெல்ல எதிர்ப்பக்கம் நகர்ந்தன, பாறைக்கு அடியில் போனதும் மறைந்தன. ஒன்றும் இருக்கக் கூடாது என்று அவர் வேண்டிக்கொண்டார். அவள் கோயம்புத்தூரில் எங்கேயோ இருக்கட்டும். அவனோடேயே இருக்கட்டும், நாலு பிள்ளை பெற்றுக்கொண்டு, நரைத்துப்போய், நன்றாக இருக்கட்டும். இருபது வருஷமாக அவளுக்கு அவர் விட்ட சாபங்களில் ஒன்றுகூடப் பலித்திருக்கக் கூடாது.

கௌதம்ராஜ் மேலே வந்து முகமூடியைக் கழற்றினான். யாரையும் பார்க்கவில்லை. படியில் கையை ஊன்றிக்கொண்டு, "இருக்காங்க மேடம்" என்றான்.

போலீஸ் வந்த பிறகுதான் எடுத்தார்கள். மதியம் ஆகிவிட்டது. உடைந்து விழுந்த ஒரு பாறைத்துண்டுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கியிருந்தாளாம். நைலக்ஸ் சேலை நைந்துபோகாமல் அந்தக் கல்லைச் சுற்றியிருந்தது. கரையில் வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாக வைத்தார்கள். சேலையின் பூப்போட்ட துண்டைக் காட்டி, "இது அவங்களோடதா, தெரியுதா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ராக்கப்பனுக்குத் தெரியவில்லை. அந்தச் சேலையை எப்போது எடுத்தார்கள், யார் எடுத்துக் கொடுத்தது, அன்று அவள் என்ன கட்டியிருந்தாள், எதுவும் தெரியவில்லை.

"எடது கையப் பாருங்க" என்றார். "மாசமா இருக்கயில பஸ்ஸுல இருந்து விழுந்து ஒடிச்சுக்கிட்டா. கட்டுப் போடக் கூட்டிட்டுப் போனேன். கோணலாத்தான் கூடுச்சு."

ஜெயசித்ரா குனிந்து ஒரு எலும்பை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாக, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல், அதைத் துணியில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

இன்ஸ்பெக்டர் ராக்கப்பனைத் தனியாக அழைத்துப் போய், அன்றைக்கு நீ எங்கே இருந்தாய், இரண்டு பேருக்கும் சண்டையா, ஏன் புகார் கொடுக்கவில்லை என்றெல்லாம் கேட்டார். கேட்க வேண்டியதுதான் என்று ராக்கப்பனுக்குத் தோன்றியது. எலும்பில் அடிபட்ட அடையாளம் இல்லை. கொலுசு கிடந்த இடம், அவள் கிடந்த இடம், தண்ணீர் இழுக்கிற வழி எல்லாவற்றையும் ஜெயசித்ரா படமாக வரைந்து கொடுத்தார். உறுதி செய்ய மகளின் ரத்தம் வேண்டும் என்றார்கள்.

மாரிசெல்வி ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். புருஷன் லாரி ஓட்டுகிறவன். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. ராக்கப்பன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் கேட் வாசலில் நின்றார். அவள் தலையில் பஞ்சுத்தூசியோடு டிபன் டப்பாவைப் பிடித்தபடி வந்தாள்.

"என்னப்பா, போன் பண்ணாம வந்துட்ட? நீ சாப்பிட்டியா?"

வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துச் சொன்னார். கொலுசிலிருந்து தொடங்கினார். அவள் முதலில் கேள்வி கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. டிபன் டப்பாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

சொல்லி முடித்த பிறகு, "அப்ப எனக்காகப் போயிருக்கா" என்றாள்.

"தாயி, அப்படி நினைக்காத."

"வேற எதுக்குப் போனா? சொல்லு." அவள் குரல் உயரவில்லை. "எனக்குப் பிள்ள பெறந்தப்ப நர்சம்மா, ஒங்கம்மா வரலையான்னு கேட்டாக. செத்துப் போயிட்டான்னு சொன்னேன். ஓடிப்போனவன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. என் பிள்ளைய மொத மொத கையில வாங்கயில நான் என்ன நெனச்சேன் தெரியுமாப்பா? இத விட்டுட்டு ஒருத்தி எப்படிப் போவா, அவ என்ன மனுசின்னு நெனச்சேன். அந்த நேரத்துலகூட அவளத்தான் ஏசுனேன்."

ராக்கப்பன் அழுதார். அவள் அழவில்லை.

"நீங்க அவளத் தேடவே இல்லையே" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் அவரை நீ என்றுதான் பேசுவாள். சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதும், சண்டை போடும்போதும், கல்யாணத்தன்று காலில் விழுந்தபோதும் நீதான். ராக்கப்பன் அந்த 'நீங்க'வைக் கேட்டு நிமிர்ந்தார். அவள் வேலைக்கு மணி அடித்துவிட்டது என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். டிபன் டப்பா மரத்தடியிலேயே இருந்தது. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

பரிசோதனை முடிவு வர மாதக்கணக்கில் ஆயிற்று. அதற்கு நடுவில் ஒருநாள் அவர் ஞானதுரையைத் தேடிப் போனார். கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்து பல வருஷமாகி, ராஜபாளையத்தில் ரயில்வே கேட் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தான். முன்பு ஒருதடவை ராக்கப்பன் அந்தக் கடைக்கு அரிவாளோடு போயிருக்கிறார். அவளை எங்கேடா விட்டாய் என்று கேட்டதற்கு, எனக்கு ஒன்றும் தெரியாது என்றே அவன் சொன்னான். பொய் சொல்கிறான், எங்கேயோ கைகழுவி விட்டுவிட்டான் என்று ராக்கப்பன் முடிவு செய்துகொண்டார்.

இப்போது அவனுக்கும் தலை நரைத்திருந்தது. அவரைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"பேப்பர்ல பாத்தேன்" என்றான்.

"மன்னிச்சுருன்னு கேக்க எனக்கு யோக்கியத இல்ல" என்றார் ராக்கப்பன். "இருந்தாலும் வந்து சொல்லணும்னு தோணுச்சு."

ஞானதுரை ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு எங்க வீட்டு ஓட்ட ஒடச்சியள்ல, அதுக்குப் பொறவு எங்கம்மா தெருவுல தலை நிமிந்து நடக்கல. கோயிலுக்குப் போறத நிறுத்திட்டா. சாகும்போதும், ஏலே, நெசத்தச் சொல்லு, அந்தப் பிள்ளைய என்ன செஞ்சன்னுதான் கேட்டா. பெத்தவளே நம்பல. அண்ணாச்சி, ஒங்க வீட்டம்மாவ நான் பாத்ததே இல்ல. அவிய வேல பாத்தது வேற ஷிப்டு. அவிய முகம் எப்படி இருக்கும்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

ராக்கப்பன் நின்றுகொண்டே இருந்தார். அவன் உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. ஒரு பையன் டியூப் பஞ்சர் என்று வந்தான். ஞானதுரை வேலையைப் பார்க்கத் தொடங்கினான். ராக்கப்பன் திரும்பி நடந்தார்.

ஐப்பசியில் எலும்புகளைக் கொடுத்தார்கள். மாரிசெல்விதான் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். தோப்பு வீட்டில் வைக்கவில்லை. நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனாள். பெண்கள் அங்கே வரக் கூடாது என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. சுடலைமாடத்தி அவளோடு கூட நடந்தாள், அப்புறம் இன்னும் சில பெண்களும் நடந்தார்கள். ஜெயசித்ராவும் கௌதம்ராஜும் வந்து ஒதுங்கி நின்றார்கள். குருவம்மாளின் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் வந்தார், வேட்டியால் முகத்தை மூடிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். ஞானதுரை வரவில்லை.

மாலை போட ஒரு போட்டோ இருந்தால் நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

மாரிசெல்வி ராக்கப்பனைப் பார்த்தாள்.

"இல்ல தாயி" என்றார். "எல்லாத்தையும் எரிச்சுட்டேன்."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

ராக்கப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நெருப்பு வாங்கக் கையை நீட்டினார்.

"நீங்க வைக்க வேண்டாம்" என்றாள் மாரிசெல்வி. "நான் வச்சுக்கிடுதேன். நீங்க அங்கிட்டுப் போய் நில்லுங்க."

அவர் போய் நின்றார். மழை வரும்போல் இருந்ததால் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. தீ பிடித்த பிறகு அவள் ஒரு சத்தம் போட்டாள். அம்மா என்றுதான் சொன்னாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். ராக்கப்பனுக்குத் தூரத்தில் அது சரியாகக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் தோப்பு வீட்டுக்கு வரவில்லை. பேத்தியின் குரலைப் போனில் கேட்கலாம் என்றால் மருமகன்தான் எடுத்து, "வேலையா இருக்கா மாமா" என்பான். நல்ல பையன், அவனுக்கே சொல்லக் கஷ்டமாக இருக்கும். ராக்கப்பன் போன் போடுவதை நிறுத்திவிட்டார். ஜெயசித்ராவின் ஆட்கள் அந்த வருஷத்து வேலையை முடித்துக்கொண்டு சாமான்களோடு போய்விட்டார்கள். தோப்பில் மறுபடி யாரும் இல்லை. அவர் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு ஊற்று மோட்டாரைப் போடுவதில்லை. கீழ்க்கோடியில் போர் போட்டு, அதிலிருந்து பாய்ச்சினார்.

அவரைத் தொந்தரவு செய்தது ஒன்று மட்டும் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் பெரியது, அவளுடைய முகம் அவருக்கு நினைவு வரவில்லை என்பது. கண்ணை மூடினால் கூந்தல் வரும், சமைக்கிறபோது முதுகு வரும், கோணல் கையால் அவள் டம்ளரைப் பிடிக்கிற விதம் வரும். முகம் இருக்க வேண்டிய இடத்தில், இத்தனை வருஷம் அவர் திட்டித் திட்டித் தேய்த்துவிட்ட ஒரு வெற்றிடம்தான் இருந்தது.

வாரத்துக்கு ஒரு நாள் டவுன் பஸ் பிடித்து ராஜபாளையம் போவார். கம்பெனிக்கு எதிர்ச்சாரியில், பேக்கரி ஓரமாக நிற்பார். ஷிப்டு விட்டதும் பெண்கள் கூட்டமாக வருவார்கள். மாரிசெல்வி அவரைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்குப் போவாள். அவர் கூடப் போக மாட்டார். அவள் ஏறிய பஸ் போன பிறகு தன் பஸ்ஸைப் பிடிப்பார்.

பங்குனியில் ஒரு சாயங்காலம், அவள் ரோட்டைத் தாண்டி அவரிடம் வந்தாள். மெலிந்திருந்தாள்.

"பாடுவாளா?" என்று கேட்டாள்.

"என்ன தாயி?"

"எங்கம்மா. பாட்டுப் பாடுவாளான்னு கேக்கேன். ராத்திரி பிள்ளையத் தூங்க வைக்கயில எனக்கு ஒரு பாட்டும் வர மாட்டேங்கு. எனக்கு யாராச்சும் பாடியிருக்காகளான்னு தெரியணும்."

ராக்கப்பன் யோசித்தார். அவளுக்குப் பிடிக்கிறமாதிரி ஏதாவது சொல்லிவிடலாம். ஆமாம், அருமையாகப் பாடுவாள் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள். ஆனால் அவளிடம் அவர் சொன்னதெல்லாம் பொய்யாகவே போய்விட்டது.

"பாட மாட்டா" என்றார். "பாட்டு வராது அவளுக்கு. சீட்டி அடிப்பா."

"சீட்டியா?"

"ஆமா. ஆம்பள மாதிரி. நல்லா அடிப்பா. எங்காத்தாவுக்கு ஆகாது, பொம்பளப் பிள்ள சீட்டி அடிக்கா, குடும்பம் வெளங்குமான்னு வைவா. அதனால வீட்டுல அடிக்க மாட்டா. தோப்புல, யாரும் இல்லாத நேரம் அடிப்பா. உன்ன இடுப்புல வச்சுக்கிட்டு. நான் மோட்டார் ரூமுல இருக்கயில கேக்கும். நீயும் உதட்டக் குவிச்சு ஊதுவ, வெறும் காத்துத்தான் வரும்."

மாரிசெல்வி ரோட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேக்கரியில் யாரோ டீ கேட்டுக் கத்தினார்கள். இன்னும் ஏதாவது கேட்பாள் என்று ராக்கப்பன் காத்திருந்தார். சொல்ல அவரிடம் அதிகம் இல்லை. இருக்கிற கொஞ்சத்தையும் அவர் இப்போதுதான் தேட ஆரம்பித்திருந்தார்.

"பஸ் வந்துட்டு" என்றாள் அவள். "நீங்க வீட்டுக்குப் போங்க. வெயில்ல நிக்காதீக."

அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்து உட்கார்ந்ததை அவர் பார்த்தார். பஸ் திரும்புகிறவரை அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.